அட்லஸில் ஒரு வெள்ளைப் புள்ளி



இந்த வாரம் ஒரு மலையைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்கு முன்னால் என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு 'வெப்ப மண்டலம்' பாடம். "நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் வெயில், ஆண்டு முழுவதும் மழை. அங்கே குளிர்காலம் என்பதே கிடையாது" என்று நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சார், இங்க பாருங்க. இந்தத் தீவு நடுவுல, மலை மேல, வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு. வெள்ளைன்னா பனின்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவன் விரல் வைத்த இடம் நியூ கினியா தீவு. நிலநடுக்கோட்டை ஒட்டினாற்போல் இருந்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். "அச்சுப் பிழையா இருக்கும்டா, போய் உட்காரு" என்று அனுப்பிவிட்டேன்.

மாலையில் நூலகத்துக்குப் போய்ப் பெரிய புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, பிழை அட்லஸில் இல்லை, என்னிடம்தான் என்று! மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பையனிடம் சொன்னேன்: "நீ சொன்னதுதாண்டா சரி. அது பனிதான்."

அந்த வெள்ளைப் புள்ளி சில ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. காரணம், அது மறைந்துகொண்டே வருகிறது. ஒரு நாட்டின் கடைசிப் பனி அது. அதன் கதையைத் தெரிந்துகொள்வோமா?

எங்கே இருக்கிறது அந்த மலை?

உலகப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு நேர் வடக்கே, ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருப்பதுபோல ஒரு தீவு தெரியும். அதுதான் நியூ கினியா. கிரீன்லாந்துக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய தீவு. அதன் கிழக்குப் பாதி பப்புவா நியூ கினியா என்ற தனி நாடு. மேற்குப் பாதி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. அந்த மேற்குப் பாதியில்தான் நம் கதாநாயகர் இருக்கிறார். பெயர் புஞ்சாக் ஜெயா. உயரம் 4,884 மீட்டர்.

'புஞ்சாக்' என்றால் இந்தோனேசிய மொழியில் சிகரம். 'ஜெயா' என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை! வெற்றி என்ற பொருள் தரும் அதே வடமொழிச் சொல்தான் அங்கேயும் போயிருக்கிறது. ஆக, 'வெற்றிச் சிகரம்'. மலை ஏறுபவர்கள் இதைக் கார்ஸ்டென்ஸ் பிரமிட் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு, கொஞ்சம் பொறுங்கள்.

நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலையில் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தால் புஞ்சாக் ஜெயாவைக் கொஞ்சம் தாண்டும். உலகில் எந்தத் தீவிலும் இதைவிட உயரமான மலை கிடையாது.

இடம்தான் வியப்பு. கன்னியாகுமரி நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 8 டிகிரி வடக்கே இருக்கிறது. இந்த மலை 4 டிகிரி தெற்கே. அதாவது கன்னியாகுமரியைவிட இது நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்! கன்னியாகுமரியில் என்றைக்காவது பனி விழுமா?

இன்னொரு வியப்பு. இந்த மலை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. சுண்ணாம்புப் பாறை எங்கே உருவாகும்? கடலுக்கு அடியில்! ஆஸ்திரேலியாவைத் தாங்கும் நிலத்தட்டும் பசிபிக் கடலைத் தாங்கும் நிலத்தட்டும் ஒன்றை ஒன்று நெருக்க, கடலின் அடித்தரை மடிந்து மேலே எழும்பி மலையாகிவிட்டது.

மலையைச் சுற்றி லோரன்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. பரப்பு, தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உச்சியில் பனி, அதற்குக் கீழே புல்வெளி, அடுத்து மேகம் தவழும் காடு, அடுத்து அடர்ந்த மழைக்காடு, அதற்கும் கீழே சதுப்பு நிலம், கடைசியில் வெப்பமண்டலக் கடல். இத்தனையும் இடைவெளி இல்லாமல் ஒரே பூங்காவுக்குள்! இப்படிப்பட்ட பூங்கா உலகில் வேறு இல்லை என்பதுதான் இதற்குக் கிடைத்த பெருமை.

நம்பப்படாத மாலுமி

1623-ஆம் ஆண்டு. யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி இந்தத் தீவின் தெற்குக் கரையோரமாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அங்கே எப்போதும் மேகமாகத்தான் இருக்கும். அன்று அதிசயமாக வானம் தெளிந்தது. தூரத்தில், காடுகளுக்கு மேலே, வெள்ளை வெளேரென்று பனி படர்ந்த மலைகள்! அதைக் கவனமாகக் குறித்துவைத்தார்.

ஊருக்குச் செய்தி போனதும் ஐரோப்பாவில் சிரித்தார்கள். "நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பனியா? நன்றாகக் கதை விடுகிறாரே!" என்றார்கள். அவர் பார்த்த பனியைக் காலால் மிதித்துப் பார்க்க வெளியுலகத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1909-இல் லோரன்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் காட்டைக் கடந்து, இதே மலைத்தொடரில் இன்னொரு சிகரத்தின் பனியை எட்டினார். பூங்காவுக்கு அவர் பெயர்தான். சிகரத்துக்கோ, யாரும் நம்பாத அந்த மாலுமியின் பெயர்!

ஏன் அவ்வளவு காலம்? கடற்கரையிலிருந்து மலை சுமார் 100 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் சதுப்பு நிலம், அட்டைகள் நிறைந்த காடு, செங்குத்தான பள்ளத்தாக்குகள், ஓயாத மழை. புஞ்சாக் ஜெயாவின் உச்சியை முதன்முதலில் ஒரு குழு தொட்டது 1962-இல்தான். எவரெஸ்டை மனிதன் தொட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து!

சுழியத்தின் விளிம்பில்

சரி, வெப்ப மண்டலத்தில் பனி எப்படி வந்தது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பென்சிலை எடுங்கள்.

மலை ஏற ஏறக் குளிர் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மாதிரி ஈரக் காற்று உள்ள இடங்களில் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் ஐந்தரை முதல் ஆறு டிகிரி வெப்பம் குறையும். அங்கே கடற்கரையில் சராசரி வெப்பம் சுமார் 27 டிகிரி. ஐந்தரை என்றே வைத்துக்கொண்டால், 4,884 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 27 டிகிரி குறைந்துவிடும். 27-இல் 27 போனால்?

சுழியம்! தண்ணீர் உறையும் வெப்பநிலை.

இந்தச் சுழியத்தை மறந்துவிடாதீர்கள். கதையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

இமயமலையில் குளிர்காலம், கோடைக்காலம் என்று உண்டு. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்கு வெகுவாகக் கீழே போய்விடும். புஞ்சாக் ஜெயாவில் ஜனவரியும் ஒன்றுதான், ஜூலையும் ஒன்றுதான். ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாது. பெரும்பாலும் காலையில் கொஞ்சம் வெயில், பகலில் மேகம், பிறகு மழை அல்லது பனி. அடுத்த நாளும் அப்படியே. அந்தப் பனியாறு தினமும் வரவும் செலவும் எழுதும் கடைக்கணக்கு மாதிரி. மேலே பனி விழுந்தால் வரவு, கீழே உருகினால் செலவு. குளிர்கால விடுமுறை கிடையாது.

வெப்பநிலை சுழியத்துக்கு ஒரு நூல் கீழே இருந்தால் வானத்திலிருந்து விழுவது பனி. ஒரு நூல் மேலே போனால் அதே ஈரம் மழையாக விழும். பனி விழுந்தால் பனியாறு வளரும். மழை விழுந்தால் கரையும். ஒரே ஒரு டிகிரி வித்தியாசத்தில் வரவே செலவாக மாறிவிடுகிறது!

சுருங்கிய கதை

இப்போது சில எண்களைப் பாருங்கள். புஞ்சாக் ஜெயாவும் அதைச் சுற்றியுள்ள சிகரங்களும் தாங்கிய பனியின் பரப்பு இது:

1850-ஐ ஒட்டி: சுமார் 19 சதுர கிலோமீட்டர்
1972: சுமார் 7 சதுர கிலோமீட்டர்
2002: சுமார் 2 சதுர கிலோமீட்டர்
2018: அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு
2022: சுமார் கால் சதுர கிலோமீட்டர்

கால் சதுர கிலோமீட்டர் என்றால் சுமார் 60 ஏக்கர். நம் ஊர்ப்பக்கம் ஒரு நடுத்தர ஏரிகூட இதைவிடப் பெரிதாக இருக்கும்!

இந்த மலைத்தொடரில் மேரன் என்று ஒரு பனியாறு இருந்தது. 1994-க்கும் 2000-க்கும் இடையில் அது இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

பரப்பைப் படத்தில் அளந்துவிடலாம். தடிமனை எப்படி அளப்பது? அதற்கு ஓர் அருமையான வழி கண்டுபிடித்தார்கள். 2010-ஆம் ஆண்டு லோனி தாம்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் இந்தோனேசிய வானிலை ஆய்வு நிறுவனத்தினரும் சேர்ந்து பனியின் மேல் கூடாரம் போட்டார்கள். அடியில் உள்ள பாறையைத் தொடும்வரை பனியைத் துளைத்தார்கள். ஆழம் 32 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம்! துளையிலிருந்து கரும்புத் துண்டுகள் போலப் பனித் துண்டுகளை வெளியே எடுத்தார்கள்.

பிறகு, பிவிசி குழாய்த் துண்டுகளைக் கயிற்றில் கோத்து அந்தத் துளைக்குள் இறக்கிவிட்டு வந்தார்கள். பனி உருகி மட்டம் இறங்க இறங்க, குழாய்த் துண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே தெரியும். எத்தனை தெரிகிறது என்று எண்ணினால் போதும், எவ்வளவு பனி போயிற்று என்று சொல்லிவிடலாம். கிணற்றில் தண்ணீர் இறங்கும்போது படிக்கட்டுகள் ஒவ்வொன்றாகத் தெரியுமே, அதே மாதிரி!

2010 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சுமார் 1 மீட்டர் வீதம் குறைந்தது. 2015 நவம்பரிலிருந்து 2016 மே மாதத்துக்குள், அதாவது ஆறே மாதத்தில், அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைந்தது. அப்போது பசிபிக் கடலில் 'எல் நினோ' என்ற நிகழ்வு பலமாக இருந்தது. கடல் நீரின் வெப்பம் இடம் மாறுவதால் உலகின் மழையும் வெயிலும் தலைகீழாகும் நிகழ்வு அது. 2023-இல் இந்தோனேசிய வானிலை ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தபோது மிஞ்சியிருந்தது சுமார் 4 மீட்டர். 32 எங்கே, 4 எங்கே! 2026-ஐ ஒட்டி இந்தப் பனி முழுவதும் மறைந்துவிடும் என்று அந்த நிறுவனம் கணித்தது.

மலை வளராதே!

ஏன் இப்படி ஆயிற்று? பழைய சுழியத்துக்கு வாருங்கள்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றை எரிப்பதால் காற்றில் கரியமில வாயு கூடுகிறது. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு பூமிக்குப் போர்வை மாதிரி. போர்வை தடிமனாக ஆக, உள்ளே சூடு கூடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் கூடியிருக்கிறது.

"ஒரு டிகிரிதானே சார்!" என்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் அது தெரியாது. அந்த மலைக்குத் தெரியும். ஒரு டிகிரி கூடினால், தண்ணீர் உறையும் உயரம் சுமார் 170 மீட்டர் மேலே ஏறிவிடும். முன்பு 4,700 மீட்டரில் பனி விழுந்தது என்றால், இனி 4,870 மீட்டருக்குப் போனால்தான் விழும். பனிக்கோடு ஏறிக்கொண்டே போகலாம். ஆனால் மலை அதோடு சேர்ந்து வளராதே! கோடு ஒருநாள் சிகரத்தைத் தாண்டி ஆகாயத்துக்குப் போய்விட்டால், அப்புறம் பனி உட்கார இடமே இல்லை.

இதற்குச் சாட்சியும் இருக்கிறது. இதே தீவில் டிரிகோரா, மண்டலா என்று இன்னும் இரண்டு சிகரங்கள். இரண்டும் புஞ்சாக் ஜெயாவைவிடச் சற்றுக் குட்டை. லோரன்ஸ் 1909-இல் மிதித்தது டிரிகோராவின் பனியைத்தான். அது 1939-க்கும் 1962-க்கும் இடையில் மறைந்தது. மண்டலாவின் பனி 1989-க்கும் 2003-க்கும் இடையில் மறைந்தது. குட்டையானவை முதலில், உயரமானது கடைசியில். கோடு கீழிருந்து மேலே ஏறுகிறது என்பது விளங்குகிறதல்லவா?

இதில் இன்னொரு தந்திரமும் இருக்கிறது. புதுப்பனி, தன்மேல் விழும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வெள்ளைச் சட்டை மாதிரி! பனி விலகிக் கரும்பாறை தெரிந்தால், அது வெயிலை உறிஞ்சிச் சூடாகிப் பக்கத்துப் பனியையும் உருக்கும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் வேகம் கூடுகிறது.

பக்கத்துச் சுரங்கம் காரணமா?

உங்களில் யாராவது இப்படிக் கேட்கலாம். நல்ல கேள்வி. பனிக்கு மிக அருகில், உலகின் மிகப் பெரிய தங்க, செம்புச் சுரங்கங்களில் ஒன்றான கிராஸ்பெர்க் இருக்கிறது. அங்கு வேலை செய்பவர்கள் வாழும் ஊரின் பெயர் தெம்பகபுரா. 'தெம்பகா' என்றால் செம்பு. 'புரா' என்பது நம் காஞ்சிபுரத்தில் வரும் அதே 'புரம்'! இந்தச் சுரங்கத்தால் ஆறுகளுக்கும் மண்ணுக்கும் வந்த கேடு பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார்கள் உண்டு.

ஆனால் பனி உருகியதற்கு அதையே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டிரிகோராவும் மண்டலாவும் சுரங்கத்திலிருந்து வெகு தூரம். அங்கேயும் பனி போயிற்று. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ பக்கத்தில் அப்படிப்பட்ட சுரங்கமே இல்லை. அங்கேயும் பனி சுருங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒருவர்மேல் பழியைப் போட்டுவிட்டு, காரியத்துக்குக் காரணமான மற்ற எல்லாரும் தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்த மற்ற எல்லாரிலும் நாமும் இருக்கிறோம்.

கடவுளின் தலை

மலையடிவாரத்தில் அமுங்மே என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலை வெறும் கல் அல்ல, தெய்வம். மலை முகடுகளும் பள்ளத்தாக்குகளும் கடவுளின் கை கால்கள், பனிதான் தலை என்பது அந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை.

2010-இல் விஞ்ஞானிகள் துளை போட்டபோது, "எங்கள் கடவுளின் தலையிலா துளைக்கிறீர்கள்?" என்று மக்களில் சிலர் கொதித்துப்போனார்கள். பனித் துண்டுகள் இருந்த குளிர் அறைக்குள் புகுந்துவிட்டார்கள். நல்லவேளையாகத் துண்டுகளை அதற்கு முன்பே வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பிறகு தாம்சன் மக்களிடமே போய் உட்கார்ந்தார். பனி உருகிக்கொண்டிருப்பதையும், அதற்குள் இருக்கும் பழைய காலத்து விவரங்களைக் காப்பாற்றவே தாங்கள் வந்திருப்பதையும் பொறுமையாக விளக்கினார். கடைசியில் மக்கள் சம்மதித்தார்கள். அந்தத் துண்டுகள் இப்போது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உறைபதன அறையில் இருக்கின்றன.

யோசித்துப் பாருங்கள். துளை போட்டவர்கள் கண்ணெதிரே நின்றார்கள், கோபித்துக்கொள்ள முடிந்தது. தலையையே கரைப்பவர்கள் பல்லாயிரம் மைல் தள்ளி, கார் ஓட்டிக்கொண்டும் விளக்கை அணைக்க மறந்தும் இருக்கிறோம். அந்த மக்கள் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வார்கள்?

போனால் போகட்டுமே?

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கொஞ்சம் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்ந்துவிடாது. அங்கே குடிநீர்ப் பஞ்சமும் வந்துவிடாது. அவ்வளவு மழை பெய்யும் ஊர் அது. அப்படியானால் நஷ்டம் என்ன?

முதலாவது, அந்த மக்களின் தெய்வம். அதற்கு விலை போட முடியாது.

இரண்டாவது, பனியாறு ஒரு பழைய நாட்குறிப்பு மாதிரி. அடுக்கடுக்காக விழுந்த பனிக்குள் அந்தந்தக் காலத்துத் தூசியும் காற்றும் அடைபட்டிருக்கும். எல் நினோ பிறக்கும் கடலின் மேற்குப் பக்கத்தில் இப்படி ஒரு நாட்குறிப்பு இங்கே மட்டும்தான் இருந்தது. உருகிய நீர் உள்ளே இறங்கி அதன் எழுத்துகளைப் பெரிதும் அழித்துவிட்டது.

மூன்றாவது, அது ஓர் எச்சரிக்கை மணி. 2024-இல் தென் அமெரிக்காவின் வெனிசுவேலா தன் கடைசிப் பனியாற்றை இழந்தது. பனியாறு என்றால் தன் எடையால் தானே மெல்ல நகர வேண்டும். மிஞ்சியது அதற்குக்கூடப் போதாது என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். கிளிமஞ்சாரோ, கென்யா மலை ஆகியவற்றின் பனியும் 2050-க்குள் போய்விடும் என்று 2022-இல் யுனெஸ்கோ எச்சரித்தது. நம் இமயமலையை எடுத்துக்கொண்டால், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 2011 முதல் 2020 வரை பனியாறுகள் 65 சதவீதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. கங்கையும் சிந்துவும் பிரம்மபுத்திராவும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. புஞ்சாக் ஜெயா சின்ன மணி. இமயமலை பெரிய மணி.

இதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை 2025-ஐப் பனியாறுகள் பாதுகாப்பு ஆண்டாக அறிவித்தது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 21 உலகப் பனியாறுகள் நாள். உங்கள் பள்ளியில் அன்றைக்கு ஒரு படம் வரைந்து மாட்டுங்களேன்!

செய்து பாருங்கள்

இரண்டு தட்டுகளில் ஒரே அளவுள்ள ஐஸ் கட்டிகளை வையுங்கள். ஒன்றை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னொன்றின் மேல் நிமிடத்துக்கு ஒரு கரண்டி குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். எது முதலில் கரைகிறது? எத்தனை நிமிடம் வித்தியாசம்? குறித்துக்கொள்ளுங்கள். மலைமேல் பனிக்குப் பதில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பது புரிந்துவிடும்.

இனி அட்லஸ் அச்சிடுகிறவர்கள் நியூ கினியாவின் நடுவில் இருக்கும் அந்த வெள்ளைப் புள்ளியை எடுத்துவிட வேண்டியிருக்கும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் புது அட்லஸைப் பார்ப்பார்கள். "அந்த மலையில் ஒரு காலத்தில் பனி இருந்தது" என்று நீங்கள் சொல்வீர்கள். "நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பனியா? சும்மா கதை விடாதீங்க!" என்று அவர்கள் சிரிப்பார்கள். கார்ஸ்டென்ஸைப் பார்த்துச் சிரித்த மாதிரியே.

அதனால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் பழைய அட்லஸ் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள். அந்தப் புள்ளி அச்சுப் பிழை இல்லை என்று சொல்ல நாளைக்கு உங்களுக்குச் சாட்சி வேண்டும்.

அடுத்த வாரம் சந்திப்போம், குழந்தைகளே!